அக்காவின் மஞ்சள் பை



பொங்கலுக்குப் பிறகு டீச்சர் ஒன்றுமே எழுதவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா என்று நிறையப் பேர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணில்தான் ஒரு சிக்கல். அதுவும் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். ஆனால் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். வகுப்பில் எப்படி உட்கார்ந்திருந்தீர்களோ அப்படியே உட்கார்ந்து படித்துவிடுங்கள். முக்கியமாக, நம் குடும்பத்துப் பிள்ளைகள் பாதியில் எழுந்து போகக் கூடாது. காரணம் கடைசியில் தெரியும்.

முதலில் அக்கா கதை.

என் பெரிய அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணமாகி வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டுக்குப் போனவள். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளினாள். அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது, கண் நீர் அழுத்த நோய் இருக்கிறது என்று சொன்னார்கள். இங்கிலீஷில் கிளாக்கோமா. ஆயுசுக்கும் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்று சொல்லி, அழுத்தம் எவ்வளவு, நரம்பு எப்படி இருக்கிறது, என்ன மருந்து என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்த நோட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு, ரேஷன் கார்டு, பட்டா நகலோடு டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நம் வீடுகளில் மஞ்சள் பைக்குள் போனது சாமி அறைக்குள் போன மாதிரி. யாரும் தொட மாட்டார்கள்.

இரண்டு வருஷம் ஒழுங்காக மருந்து விட்டாள். அப்புறம் அத்தான் இறந்துபோனார். லயன் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போனாள். டிரங்குப் பெட்டி இங்கே லோயர் கேம்ப்பில் என் வீட்டுப் பரண்மேல் ஏறியது. மஞ்சள் பையும் அதற்குள்ளேயே இருந்தது.

திருப்பூரில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று மருமகள் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே கண் பரிசோதித்த பையன் நன்றாகப் படித்தவன்தான். கண்ணில் காற்று அடிக்கிற மெஷினில் அழுத்தமும் பார்த்திருக்கிறான். "பாட்டிக்குக் கண் பிரஷர் நார்மலா இருக்கு" என்று சொல்லி, கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறான். அக்கா "ஏதோ சொட்டு மருந்து போடுறேன் தம்பி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது என்ன மருந்து, எதற்கு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலும் அன்றைக்குக் கையில் இல்லை.

அந்தப் பையன் சொன்னதில் பொய் கிடையாது. அன்றைக்கு அழுத்தம் நார்மல்தான். ஏன் நார்மல்? தினமும் மருந்து விட்டதனால்! ஆனால் அக்கா என்ன நினைத்துக்கொண்டாள்? நோய் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கையிலிருந்த பாட்டில் தீர்ந்ததும் அடுத்தது வாங்கவில்லை. மகனுக்குச் செலவு மிச்சம் என்று ஒரு சந்தோஷம் வேறு. வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. இந்த நோயின் கெட்ட குணமே அதுதான். ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். நடுப் பார்வை கடைசி வரைக்கும் இருப்பதால் நமக்கே தெரியாது.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் வலது பக்கமாக வந்தவர் மேல் போய் மோதிக்கொண்டாள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலது கண் ஏறக்குறையப் போயிருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? நோட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். திருப்பூர்ப் பையன் ஒழுங்காகத்தான் பரிசோதித்தான். அக்காவும் சொன்னபடிதான் செய்தாள். ஆனால் முதலில் எழுதப்பட்டது இரண்டாவதாகப் பார்த்தவன் கண்ணில் படவே இல்லை. அது இங்கே என் வீட்டுப் பரண்மேல், என் தலைக்கு எட்டடி மேலே இருந்தது. இன்றைக்கும் அந்தப் பரணை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை.

சரி. ஒரு பாடம் நடத்திவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்க்கிற விஷயம் எது? முல்லைப் பெரியாறு நீர்மட்டம். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. ஐந்து மாவட்டத்து வயலும் குடிதண்ணீரும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இன்றைக்கு நீர்மட்டம் 128 அடி. இது நல்லதா, கெட்டதா? பதில் சொல்ல முடியுமா? முடியாது. நேற்று எவ்வளவு, போன வாரம் எவ்வளவு, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்த 128க்கு அர்த்தம். 120லிருந்து மூன்றே நாளில் 128 என்றால் ஒரு அர்த்தம். 136லிருந்து இறங்கி 128 என்றால் வேறு அர்த்தம். 1895ல் அணை திறந்த நாளிலிருந்து யாரோ ஒருவர் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். 2014ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்ன வழக்கில்கூட, இரண்டு பக்கமும் பழைய அளவுகளையும் ஆய்வுகளையும் வைத்துத்தான் வாதாட முடிந்தது.

கண்ணும் அப்படித்தான். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேற ஒரு சின்ன வடிகால் இருக்கிறது. வரத்துக்குத் தகுந்த திறப்பு இல்லை என்றால் அழுத்தம் ஏறும். ஏறினால் பின்னால் இருக்கிற பார்வை நரம்பு நசுங்கும். பொதுவாக 10லிருந்து 21 வரைக்கும் நார்மல் என்பார்கள். ஆனால் சில பேருக்கு அந்த நார்மல் அளவிலேயே நரம்பு தேயும். சில பேருக்கு 23 இருந்தும் ஒன்றும் ஆகாது. நரம்பைப் பார்த்தாலும் அப்படித்தான். அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் பெரிதாகிக்கொண்டே போனால் நோய் என்று அர்த்தம். ஆனால் பிறவியிலேயே பெரிய பள்ளத்தோடு நல்ல கண்ணாக இருப்பவர்களும் உண்டு. ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு, இது பிறவிப் பள்ளமா, புதிதாக விழுந்த பள்ளமா என்று சொல்வது எத்தனை பெரிய டாக்டருக்கும் கஷ்டம். பழைய படம் ஒன்று இருந்தால் கொஞ்சம் பயிற்சி உள்ளவரே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது என் கதை.

ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்த நாள். வழக்கம்போல மணிமண்டபத்தில் பொங்கல் வைத்தோம். அடுப்பில் புகை கண்ணில் பட்டு எரிந்ததா, சும்மா ஒரு கண்ணாடி மாற்றலாம் என்று மறுநாள் பஸ் ஏறிப் பக்கத்து டவுனில் இருக்கிற ஒரு சின்னக் கண் பரிசோதனை மையத்துக்குப் போனேன். டாக்டர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். ஆப்டோமெட்ரி படித்த ஒரு பெண், கூட ஒரு உதவியாளர், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மூன்று கருவிகள். அவ்வளவுதான்.

"பேர் சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். அவள் தட்டிப் பார்த்துவிட்டு, "கூடலூரா?" என்றாள். இல்லை, லோயர் கேம்ப் என்றேன். பிறந்த வருஷம் கேட்டாள், வீட்டுக்காரர் பெயர் கேட்டாள், பழைய போன் நம்பர் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. என் வகுப்பில் ஒரே வருஷம் மூன்று முருகேசன்கள் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வருகைப் பதிவேட்டில் மு. அ, மு. ஆ, மு. இ என்று போட்டு வைத்தும், ஒருத்தன் மார்க்கை இன்னொருத்தனுக்குப் போட்டு ஒருநாள் பெரிய சண்டையே வந்தது. மார்க் மாறினால் அழித்து எழுதலாம். கண் மாறினால் என்ன செய்வது? அதனால் அவள் நாலு கேள்வி கேட்டது எனக்குப் பிடித்தது.

"நாலு வருஷம் முன்னாடி வந்துருக்கீங்க. சுகர் இருக்குன்னு உள்கண்ணைப் படம் எடுத்துருக்காங்க. வருஷா வருஷம் வரச் சொல்லி எழுதிருக்கு. நடுவுல வரவே இல்லையே?" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் "ஏன் நேத்து வரல?" என்று அதட்டியவள் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அழுத்தம் பார்த்தாள். 19. "நார்மல்தானே?" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு படம் எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முந்தைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "உங்க வீட்ல யாருக்காச்சும் கண் பிரஷர் இருக்காம்மா? அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க?"

எனக்கு அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. "எங்க அக்காவுக்கு" என்றேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இடது கண் நரம்பில் பள்ளம் முன்பு பத்துக்கு நாலு பங்கு இருந்தது. இப்போது ஏறக்குறையப் பத்துக்கு ஏழு. "இன்னைக்கு எடுத்ததை மட்டும் பார்த்திருந்தா, பிரஷர் 19 தானே, உங்களுக்குப் பிறவியிலேயே இப்படித்தான் போலன்னு நினைச்சுக் கண்ணாடி எழுதி அனுப்பியிருப்பேன். பழசு இருந்ததால தெரிஞ்சுச்சு" என்றாள். இப்படி வெளிப்படையாகச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

இரண்டு படத்தையும், அக்கா விஷயத்தையும் அங்கிருந்தபடியே பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினாள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் டாக்டர் திரையில் வந்து என்னிடம் பேசினார். அடுத்த வாரம் வரச் சொன்னார். அங்கே போனபோது யாரும் என்னிடம் முதலிலிருந்து கதை கேட்கவில்லை. எல்லாம் அங்கே திரையில் இருந்தது. ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கும் பார்வைப் பரப்பு சோதனை செய்தார்கள். இடது கண்ணில் மேல் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் பார்வை மங்கியிருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. சொட்டு மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. இதற்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பதற்கு நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சின்ன மையத்திலேயே அந்தப் பெண் பார்த்துப் பதிவு செய்வாள், டாக்டர் அங்கிருந்து பார்ப்பார். ஏதாவது மாறினால்தான் என்னை அழைப்பார். ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் மிச்சம் என்பது எனக்குப் பெரிசில்லை. ஆனால் ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறுகிற நம் ஊர்ப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிசு என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஏற்பாடு எங்கேயோ வெளிநாட்டில் முளைத்து நமக்கு வந்தது என்று நினைக்காதீர்கள். இதன் ஆரம்ப வேர்களில் ஒன்று நம் தேனி மண்ணில்தான் இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் கோ. வெங்கடசாமி. ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார் என்பதை என் வயதுக்காரர்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1985ல் தேனியில் ஒரு கிளை வந்தது. முகாம் போட்டால் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மீதிப் பேர் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று பார்த்து, 2004 வாக்கில் சின்ன ஊர்களிலேயே நிரந்தரமாகப் பார்வை மையங்கள் திறக்க ஆரம்பித்தார்கள். அப்போது கிராமத்தில் இன்டர்நெட் ஏது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, வீட்டில் பயன்படுத்துகிற வைஃபையையே உயரமான கம்பத்தில் ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரம் பாய்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். அதை வைத்துத் தேனி ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றுவட்டார மையங்களில் இருக்கிற நோயாளியோடு முகம் பார்த்துப் பேசினார். 2006லேயே இது நடந்தது. அந்தக் காலத்தில் லோயர் கேம்ப்பில் போன் பேசவே மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்! இன்றைக்கு அந்த மருத்துவமனைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அங்கே பரிசோதிப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து போய்ப் பயிற்சி பெற்ற நம் வீட்டுப் பெண்கள். நோயாளியின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, டாக்டர் அதைப் பார்த்துப் பேசுகிறார். ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரியும் தன் கிராம மையங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே பதிவேடு என்று நடத்துகிறது. ஸ்காட்லாந்து நாட்டில் 2006லிருந்தே எல்லாருக்கும் அரசுச் செலவில் கண் பரிசோதனை உண்டு. அதைச் செய்பவர்கள் தெருவோரக் கண்ணாடிக் கடையில் இருக்கிற ஆப்டோமெட்ரிஸ்டுகள்தான். ஆஸ்பத்திரியும் அவர்களும் ஒரே பதிவைப் பார்க்கும் ஏற்பாட்டை அங்கேயும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதில் நோயாளிக்கு நல்லது என்பது ஒரு பக்கம். பரிசோதிக்கிற அந்தப் பிள்ளைகளுக்கும் இது பெரிய பாடம். ஒரு டீச்சராக எனக்கு அதுதான் முதலில் பட்டது. பரிட்சை எழுதுகிறீர்கள். விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தரவே இல்லை என்றால் எது சரி, எது தப்பு என்று எப்படித் தெரியும்? ஒரு சீட்டில் "சந்தேகம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்" என்று எழுதி அனுப்புகிற பிள்ளைக்கு, அந்த நோயாளி போனாரா, அங்கே என்ன சொன்னார்கள், தன் சந்தேகம் சரிதானா என்று தெரிய வழியே இல்லை. பத்து வருஷம் வேலை பார்த்தாலும் முதல் வருஷத்து அனுபவம்தான் திரும்பத் திரும்ப. பதிவு பொதுவாக இருந்தால் திருத்திய விடைத்தாள் கைக்கு வருகிறது. நான் இரண்டாம் தடவை போனபோது அந்தப் பெண்ணே சொன்னாள்: "உங்க ரிப்போர்ட் பார்த்தேன்மா. நான் நினைச்சது சரிதான். ஆனா வலது கண்லயும் லேசா ஆரம்பம்னு டாக்டர் எழுதியிருக்காங்க, அதை நான் கவனிக்கல." அடுத்து வருகிறவருக்கு அவள் கவனிப்பாள்.

கிளம்பும்போதுதான் சொன்னாள், அவளுடைய அம்மா என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவளாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "டெஸ்ட் பண்ணும்போது சொன்னா நீங்க ஊர்க்கதை பேச ஆரம்பிச்சுருவீங்கன்னு அம்மா சொல்லுச்சு டீச்சர்" என்றாள். யார் அந்த அம்மா என்று எனக்குத் தெரியும். நேரில் வரும்போது பேசிக்கொள்கிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டால் அது பாதிப் பாடம். குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதல் குறை, எல்லாம் ஒரே பதிவேடு இல்லை. என் கண் விவரம் அந்த ஆஸ்பத்திரிக்குள்தான் சுற்றுகிறது. எனக்கு வீசிங் உண்டு என்று உங்களுக்குத் தெரியும், சாக்பீஸ் தூசிக்கே இருமுவேன். அந்த விவரம் வேறொரு ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கிற சொட்டு மருந்துகளில் ஒரு வகை இருக்கிறது, டிமோலால் என்று பெயர். வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கண்ணில்தானே விடுகிறோம் என்று நினைப்போம், ஆனால் அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். டாக்டர் வாய்விட்டுக் கேட்டார், நான் சொன்னேன், வேறு மருந்து எழுதினார். கேட்காமல் விட்டிருந்தால்? அக்கா மாதிரி சொல்லத் தெரியாதவளாக இருந்தால்? இதை இணைக்கத்தான் மத்திய அரசு 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்று ஆரம்பித்து, ஆபா என்கிற 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். நாம் சம்மதம் கொடுத்தால் ஒரு ஆஸ்பத்திரிப் பதிவை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் எண் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியும் கண்ணாடிக் கடையும் அதில் சேர வேண்டும், பழைய சீட்டை யாராவது ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் எமிஸ் எண் வந்த புதிதில் நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? ஆனால் இன்றைக்கு ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் அவன் விவரம் அவன் கூடவே போகிறது. நோயாளிக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

இரண்டாவது, ரகசியம். நம் ஊரில் ஒருவருக்கு என்ன நோய் என்று தெரிந்தால் பெண் கொடுக்கிற இடம் வரைக்கும் போய்விடும். யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பூட்டு இருக்க வேண்டும். உங்கள் சம்மதம் கேட்டு போனுக்கு ஓடிபி வந்தால், எதற்கு என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மூன்றாவது, தவறாக ஏறிய தகவல். காகிதத்தில் ஒரு இடத்தில் தப்பு என்றால் ஒரு இடத்தோடு போச்சு. பொதுப் பதிவில் தப்பு ஏறினால் எல்லா இடத்திலும் அதே தப்புதான் தெரியும். இடது வலது மாறியிருக்கிறதா, பெயர் வயது சரியா என்று நாமும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது வீட்டுப்பாடம்.

நம் குடும்பத்துப் பிள்ளைகளே, அண்ணன் மக்கள், அக்கா மக்கள், என் பிள்ளைகள் எல்லாரும் கேளுங்கள். பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அக்காவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இனி சந்தேகமே வேண்டாம். நாற்பது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் கண் நரம்பையும் அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிப் பவர் பார்ப்பது மட்டும் போதாது. "எங்க குடும்பத்துல கிளாக்கோமா இருக்கு, நரம்பைப் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் போனது வீண் இல்லை. இன்றைக்கு எடுக்கிற படம்தான் பத்து வருஷம் கழித்து உங்களைக் காப்பாற்றப் போகும் பழைய படம்.

அப்புறம் எல்லாருக்கும். எந்தச் சீட்டு, எந்த ரிப்போர்ட் கொடுத்தாலும் உடனே போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். சொட்டு மருந்து பாட்டிலையும் அட்டையோடு படம் எடுங்கள். ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் முதல் நாளே அதைக் காட்டுங்கள். "நார்மல்" என்று யார் சொன்னாலும், "மருந்தை நிறுத்தலாமா?" என்று மருந்து எழுதியவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் நாமாகச் சொட்டு வாங்கி விடாதீர்கள். தோட்ட வேலையில் இலையோ குச்சியோ கண்ணில் பட்டால் அன்றைக்கே காட்டுங்கள்.

என் மாணவர்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாராவது ஆஸ்பத்திரிப் பதிவுகளைச் செய்கிற வேலையில் இருந்தால், டீச்சருக்காக ஒன்று நினைவில் வையுங்கள். நீங்கள் கட்டுகிற அந்தக் கட்டங்களில் ஒன்றில், என் அக்காவைப் போல "ஏதோ சொட்டு போடுறேன் தம்பி" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒருத்தி இருப்பாள்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு டிவியை நிறுத்திவிட்டு அவளுக்கு நான் சொட்டு விடுவேன், எனக்கு அவள் விடுவாள். ஒரு கண் தெரியாதவள் விடுவதால் பாதி நாள் என் கன்னத்தில்தான் விழும். "சரியா விழுந்துச்சாடி?" என்று கேட்பாள். விழவில்லை என்றால் மறுபடி விடச் சொல்வேன். போன வாரம் பரணிலிருந்து அந்த மஞ்சள் பையை இறக்கி, நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அந்த மையத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் அக்கா பெயரில் ஏற்றிவிட்டாள். ஏழு வருஷம் தாமதம். ஆனால் அக்காவுக்கு இடது கண் இன்னும் இருக்கிறது.

பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். நம் குடும்பத்தில் நாற்பது தாண்டியவர்கள் மொத்தம் பதினேழு பேர். இதுவரை ஆஜர் நாலு பேர்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
லோயர் கேம்ப்.